ஸ்டெல்லா மிஸ் ஒட்டிய தாள்

செய்தி வந்தபோது நான் உழவு மெசின் பின்னால் இழுக்கிற ஒரு பெட்டியின் அடித்தகட்டுக்கு வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் மேசையில் கிடந்து துள்ளியது. எடுத்தால் பேசாலையிலிருந்து பெனடிக். ஸ்டெல்லா மிஸ்ஸின் தம்பி.

"ராசன் அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். "ராத்திரி வழக்கம்போலத்தான் படுத்தவ. காலமை எழும்பேல்லை."

"ஓம்" என்றேன்.

இருவரும் போனை வைத்துவிட்டோம். நான் திரும்பவும் முகமூடியை இறக்கி, மிச்சம் இருந்த ஒரு சாண் நீளத்தையும் ஒட்டி முடித்தேன். நல்ல ஒட்டு. பெட்டிக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன ராசன், இண்டைக்கு வேலை மட்டும்தான் நடக்குது, கதையைக் காணேல்லை" என்றார். ஆளுக்கொரு பகிடி சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்புவது என் பட்டறையின் வழக்கம். வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

செத்த வீட்டில் உங்களில் பலர் இருந்தீர்கள். என்னைப் பின்வரிசைக் கதிரையில் இருத்தினால் அந்த வரிசை முழுக்கச் சிரிக்கும், பிறகு பெரியவர்களிடம் ஏச்சு வாங்கும். அன்றைக்கும் இரண்டு மூன்று பேர் கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தார்கள். நான் பந்தல் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்குத் தகரம் டிக் டிக் என்றது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் எழும்பி வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தேன், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. வரவில்லை. சேமக்காலையில் மண் போடும்போதும் வரவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் வரவில்லை.

திரும்பும்போது பெனடிக் என்னை வாசல் படலையடியில் மறித்து இரண்டு விஷயம் கேட்டார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கப்போகிறார்கள், அதில் நான் எழுத வேண்டும். அக்காவின் கையெழுத்தில் ஏதும் கடதாசி என்னிடம் இருந்தால் அதையும் தர வேண்டும், மலரில் போட.

"தம்பி, நான் ஆறாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டனான். பள்ளிக்கூடமும் என்னைத் தேடேல்லை. அவவோடை வேலை செய்த பெரிய ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம், அவையைக் கேளுங்கோவன்."

"அவையும் எழுதுவினம் அண்ணை. எல்லாரும் 'அன்னார் கடமை தவறாதவர்' எண்டுதான் எழுதப்போகினம். வீட்டிலை அக்கா சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னதெல்லாம் உங்கட கதை."

ஆகவே எழுதுகிறேன். கையெழுத்து விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் என் பாட்டைச் சொல்ல வேண்டும். பாப்பாமோட்டையில் நாங்கள் இருக்கும் பக்கம் முழுக்க, இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள். எங்கே கிணறு தோண்டினாலும் உவர். அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஒரு மெசின் கிடைத்தது. ஆனால் கரண்ட் கம்பியில் எங்களுடையது கடைசித் தூண், அங்கே வந்து சேரும் கரண்டுக்கு வலு போதாது. மின்குமிழ் எரியும், மெசினின் மோட்டர் உறுமும், சுற்றாது. நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நாளுக்குக் குடத்தோடு நிற்பதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே குளத்து வாய்க்கால் ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுகிறது. முகாமில் இருந்த காலத்தில் நான் லேத் பட்டறை ஒன்றில் வேலை பழகினவன். விழுகிற இடத்தில் சின்னதாய் ஓர் அணை கட்டி, தண்ணீர் தள்ளிச் சுற்றுகிற சக்கரமாய் ஒரு சில்லுப் பூட்டினால் அந்த மோட்டரைச் சுற்ற வைக்கலாம் என்று எனக்குப் பட்டது. வருடத்தில் பாதி நாள்தான் வாய்க்கால் ஓடும். அந்தப் பாதியாவது பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும். வாய்க்காலைப் பாவிக்கிற விவசாயிகளின் கமக்காரர் அமைப்பும் ஓம் என்றது.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் தண்ணீரை மறித்துக் கரண்ட் எடுப்பதென்றால் சட்டத்தில் அது நீர்மின் அணை. மலைநாட்டில் மலைக்கு மலை மறித்துக் கட்டுகிறவருக்கும் எனக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே அனுமதிப்பத்திரம். பூர்த்தி செய்து கொண்டுபோய் ஓர் அரசாங்கக் கந்தோர் ஜன்னலில் கொடுத்தேன். கம்பிக்குள்ளால் ஒரு கை வந்து வாங்கியது. மெல்லிய கை, கருப்பு வார் போட்ட சின்ன மணிக்கூடு. அதற்குப் பிறகு வருடக்கணக்காய் ஒரு சத்தமும் இல்லை. அந்த மெசினைத் தூசிக்குச் சாக்கால் மூடி வைத்தோம்.

பிறகு அரசாங்கம் ஒரு புது ஏற்பாடு செய்தது. இப்படி இழுபட்டுக் கிடக்கிற மின்சார அனுமதிகள் ஏன் இழுபடுகின்றன என்று பார்த்து மாதாமாதம் மேலே அறிக்கை அனுப்ப மாவட்டத்துக்கு ஓர் அலுவலர். மாவட்ட அலுவலகமான மன்னார்க் கச்சேரியில் அந்தக் கதிரை ஸ்டெல்லா மிஸ்ஸுக்குக் கிடைத்தது. நீர்மின் என்ற பகுதியில் மாவட்டம் முழுக்க அவருக்கு இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம். அது என்னுடையது.

ஒரு நாள் கொதிக்கிற மத்தியானம், வாய்க்கால் வரம்பில் குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். மெயின் ரோட்டில் பஸ்ஸால் இறங்கி நடந்தே வந்திருக்கிறார்.

"ராசன் எண்டது?"

"நான்தான் மிஸ்."

"அணை கட்டப்போற இடத்தைப் பாக்க வேணும்."

"நீங்கள் அதுக்கு மேலைதான் நிக்கிறியள்."

குனிந்து காலடியைப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இதோ?"

"இதேதான். பயப்பிடாதேங்கோ மிஸ், அணை உடைஞ்சாலும் உங்களுக்கு முழங்கால் மட்டும்தான் நனையும்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. குடையை மடித்து, அதன் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினார்.

"'அணையின் உயரம்' எண்டு கேட்டிருக்கு. நீங்கள் 'என்ர நெஞ்சளவு' எண்டு எழுதியிருக்கிறியள்."

"அளந்துதான் எழுதினது மிஸ். இறங்கி நிண்டு பாத்தனான்."

"'இத்திட்டத்தால் இடம்பெயரும் குடும்பங்கள்' எண்டு கேட்டிருக்கு. 'நாங்கள் ஏற்கெனவே பெயர்ந்து திரிஞ்சிட்டுத்தான் வந்திருக்கிறம், இனி ஏலாது' எண்டு எழுதியிருக்கிறியள்."

"அதிலை என்ன பிழை?"

அப்போதுதான் சிரித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். சிரித்து முடிந்த பிறகு சொன்னார்: "பிழை இல்லை ராசன். ஆனா இது எத்தினை மேசைக்குப் போயிருக்கு. ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டு இப்ப விளங்குது. வாசிச்சிருந்தா உங்களைத் திட்டியாவது ஒரு கடிதம் போட்டிருப்பினம்."

அன்றைக்கே அவருக்குத் 'தாமதக் கந்தோர் மிஸ்' என்று பேர் வைத்துவிட்டேன். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிட்டேன். கச்சேரி வாசலில் நின்று, "தாமதக் கந்தோர் திறந்தாச்சோ, இல்லை அதுவும் தாமதமோ?" என்று கேட்பேன். காவலாளி பயந்துபோய் என்னைப் பார்ப்பார். உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: "திறந்தாச்சு, ராசனைத்தான் இன்னும் காணேல்லை."

அவருடைய வேலை முறையை அவரோடு வேலை செய்தவர்கள் அறிவார்கள். அறிந்ததில் சிலருக்கு இன்னும் கோபம் இருக்கும். கோப்பின் உள்மட்டையில் பசை பூசி ஒரு தாள் ஒட்டினார். அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்த நாலு கட்டம். பெயர், கோப்பு வந்த நாள், போன நாள், தாமதத்துக்குக் காரணம். கோப்பு யாருடைய மேசையில் கிடந்ததோ அவரே தன் கையால் நிரப்ப வேண்டும். ஒருவர் நாலாவது கட்டத்தில் 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதி அனுப்பினாராம். மிஸ் கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கந்தோருக்கே போய், "நிர்வாகம் எண்டு ஒரு ஆள் இஞ்சை வேலை செய்யிறாரோ? கூப்பிடுங்கோ, ஒருக்காக் கதைப்பம்" என்றாராம். அந்த மனிசர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிவிட்டு, எழுதியதை வெட்டி, 'மறந்துவிட்டேன்' என்று எழுதினாராம். இன்னொருவர், 'விளங்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது' என்று எழுதினாராம். இதையெல்லாம் என் பட்டறையில் வாங்குப் பலகையில் இருந்து சொல்லுவார், பேர் மட்டும் சொல்லமாட்டார்.

"ஏன் மிஸ் ஆக்களை இப்பிடிப் பாடாய்ப் படுத்திறியள்? தாமதம்தானே, மேலை ஒரு அறிக்கை எழுதிவிட்டாக் காணாதோ?"

"நிர்வாகம் செய்தது எண்டு எழுதினா ஆர் திருத்திறது? மனிசர் செய்தது எண்டு எழுதினாத்தான் மனிசர் திருத்தலாம்."

இது அவர் சொன்னபடியே. மாற்றி எழுத எனக்கு வராது.

கடைசியில் இரண்டு கந்தோர் மிச்சம் நின்றன. பேர் வேண்டாம். ஒன்று, மற்றது கையெழுத்து வைத்தால் தாங்கள் வைப்போம் என்றது. மற்றது, முதலாவது வைத்தால் தாங்கள் வைப்போம் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மிஸ் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் ஒரே வாகனத்தில் ஏற்றி, எங்கள் வாய்க்காலுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னார். அதற்கு முதல் நாள் எனக்குப் போன் எடுத்து ஒரு விஷயம் சொன்னார்.

"ராசன், தேத்தண்ணி போட வேணும். பவுசர்த் தண்ணியிலை போடக்கூடாது. உங்கட கிணத்துத் தண்ணியிலை போடுங்கோ."

"மிஸ், அதை மனிசர் குடிப்பினமோ?"

"பவுசர் வராத நாளிலை நீங்கள் என்னத்தைக் குடிக்கிறியள்?"

என் மனைவி கமலா ஒப்பவில்லை. "வீட்டுக்கு வாற ஆக்களுக்கு உப்புத் தேத்தண்ணி குடுத்து என்ர பேரைக் கெடுக்கப்போறியளோ? நான் போடமாட்டன், நீங்களே போட்டு நீங்களே குடுங்கோ" என்று குசினியை விட்டு வெளியே வந்து நின்றாள். நானே போட்டேன்.

வந்தவர்கள் அணை இடத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தார்கள். வெயில். "சரி மிஸ், கந்தோருக்குப் போய்க் கதைப்பம்" என்றார் ஒருவர். "ஓம் சேர், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவம்" என்றார் மிஸ். ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன். முதல் வாயில் ஒருவருக்குப் புருவம் ஏறிவிட்டது. மற்றவர் விழுங்கவா துப்பவா என்று வாய்க்காலைப் பார்த்தார். மிஸ் மட்டும் அடி மண்டி வரைக்கும் குடித்துவிட்டு, "இன்னொண்டு இருக்கோ ராசன்?" என்று கோப்பையை நீட்டினார்.

"சாரதி எங்கை? வாகனத்தை எடுக்கச் சொல்லுங்கோ."

"வாகனத் திறப்பு என்ர கைப்பைக்குள்ளை இருக்கு சேர். அவசரமில்லை. குடியுங்கோ, இந்தச் சனம் தினம் குடிக்கிறதுதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வாகனத்தின் முன்மூடியில் விண்ணப்பக் கோப்பை விரித்து, ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்து வைத்தார்கள். நாலாவது கட்டத்தில் இருவரும் ஒரே வசனத்தை எழுதினார்களாம்: 'மற்றவர் வைக்கட்டும் என்று இருந்தேன்.' அதன் பிறகுதான் கைப்பை திறந்தது. நான், "மிஸ், இனிச் சீவியத்திலை உங்களோடை தேத்தண்ணிக்கு ஒருத்தரும் வரமாட்டினம்" என்றேன். தோள் குலுங்கியது.

இனி எழுத வேண்டியது எனக்கு லேசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விண்ணப்பம் கொடுத்த முதல் மூன்று வருடம் அது எங்கே கிடந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் மிஸ் பட்டறைக்கு வந்தார். வழக்கமாக வாங்கில் இருப்பவர் அன்றைக்கு நின்றபடியே சொன்னார்.

"கண்டுபிடிச்சிட்டன் ராசன். அந்த மூண்டு வருசமும் உங்கட விண்ணப்பம் காற்றாலைக் கோப்புக்குள்ளை இருந்திருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் வெல்டிங் கம்பி கையை விட்டு விழுந்துவிட்டது. நம் ஊரில் மட்டும்தான் இது நடக்கும். தீவுப் பக்கம் கடற்கரை நீளத்துக்குப் பெரிய பெரிய காற்றாடி நிற்கிறது. மின்சாரம் என்று ஒரு கடதாசி வந்தால் அது காற்றுத்தான் என்று கை தானாகவே அந்த அலுமாரிக்குப் போய்விடும். மன்னாரில் தண்ணீரால் கரண்ட் எடுக்க ஒருவன் வருவான் என்று யார் நினைத்தார்கள்?

அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுக் கூத்துக் கிடைத்தது. ஒரு கிளாக்கர் விண்ணப்பத்தை வாங்குகிறார். 'தண்ணீர்' என்று வாசிக்கிறார். விரலை நக்கி மேலே பிடித்துக் காற்றுப் பார்க்கிறார். 'ஆ, வருகுது' என்று தலையாட்டி, காற்றாலைக் கோப்புக்குள் செருகிவிட்டு நித்திரைக்குப் போகிறார். அந்தக் கிளாக்கருக்குக் 'காற்றுக் கழுதை' என்று பேர். தேத்தண்ணிக் கடையில் செய்து காட்டினேன். கலியாண வீட்டில் செய்து காட்டினேன். கச்சேரிக் கன்ரீனில், மிஸ் பக்கத்து மேசையில் இருக்கும்போதே செய்து காட்டினேன். எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு, "இன்னொருக்காச் செய்யுங்கோ, ராசன்" என்றார் அவர். நானும் செய்தேன், இன்னும் கொஞ்சம் கூட்டி.

"மிஸ், அந்தக் கழுதை ஆரெண்டு எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஒரு மாலை கொண்டுபோய்ப் போடுவம்."

"கழுதை இல்லை, ராசன். மனிசர்தான். எழுத வேண்டிய இடத்திலை எழுதியாச்சு."

அனுமதிப்பத்திரம் வந்த அன்றைக்கு அதைத் தபாலில் விடாமல் அவரே கொண்டுவந்தார். ஒரு பிளாஸ்ரிக் உறை. அதற்குள் பத்திரமும், அந்த உள்மட்டைத் தாளின் இரண்டு பிரதியும். "கடைசி வரி உங்களுக்கு. பெற்றுக்கொண்டவர் நீங்கள்தானே. மேலையிருந்து வாசிச்சிட்டு, நிரப்பி, ஒண்டை எனக்கு அனுப்புங்கோ. அப்பதான் நான் இதை மூடலாம்" என்றார்.

நான் முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உறையை வெல்டிங் பிளான்ற்றுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். அடுத்த நாளே சில்லு வேலையில் இறங்கிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போன். "ராசன், தாள் வரேல்லை."

"தபாலிலை போட்டனான் மிஸ், கிடைக்கேல்லையோ?"

"ஓ, தபாலிலையும் தாமதமோ?"

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பகிடி சொல்லி அனுப்பினேன். ஆணியில் இருந்த உறையை எடுத்து ஒரு வரி நிரப்ப எவ்வளவு நேரம்? எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

சில்லுச் சுற்றியது. மெசின் ஓடியது. அந்தப் போகம் முழுக்க எங்கள் பக்கம் ஒருவரும் பவுசருக்கு நிற்கவில்லை. மிஸ் பார்க்க வருவதாகச் சொல்லிச் சொல்லி, ஒரு வேலை மாறி ஒரு வேலை வந்து, கடைசியாக அவர் வந்தபோது குளத்து மதகான துருசைப் பூட்டி ஒரு கிழமை ஆகிவிட்டது. வாய்க்காலில் ஈரம் மட்டும்தான். சில்லு சும்மா நின்றது.

"கொஞ்சம் தாமதிச்சு வந்திட்டியள் மிஸ்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். சில்லின் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. காது வைத்துக் கேட்டார். "காணும், இது போதும்" என்றார். கமலா சேமித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பில்லை, கமலா. இனி ஆருக்கும் குடுக்கலாம்" என்றார்.

போகும்போது வரம்பில் நின்று திரும்பி, "அந்தத் தாளை வாசிச்சீங்களோ?" என்று கேட்டார்.

"வாசிச்சன் மிஸ்."

"ஒண்டும் சொல்லேல்லையே."

"என்ன சொல்லக் கிடக்கு? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை விரித்தார். "அப்ப சரி, ராசன்."

அதே மாதம் கமக்காரர் அமைப்பின் ஆண்டுக் கூட்டம். மிஸ் முன்வரிசையில் இருந்தார். எல்லோரும் கேட்டார்கள் என்று, காற்றுக் கழுதையை அங்கேயும் செய்து காட்டினேன். விரலை நக்கி, அவர் இருந்த பக்கம் நீட்டித்தான் காற்றுப் பார்த்தேன். அவர் கை தட்டினார். நான் அவரை உயிரோடு கண்டது அதுதான் கடைசி.

கையெழுத்துக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அடுத்த நாள், பெனடிக் கேட்டது நினைவு வந்து ஆணியில் இருந்து உறையை எடுத்தேன். தூசி தட்டி, தாளை வெளியே எடுத்து, முதல்முறையாக மேலிருந்து வாசித்தேன்.

முதல் வரியே அவருடையது. பெயர் இருந்த கட்டத்தில் ஸ்டெல்லா என்று அவர் கையெழுத்து. வந்த நாள், நான் ஜன்னலில் கொடுத்த நாள். போன நாள் அதற்கு மூன்று வருடம் கழித்து. நாலாவது கட்டத்தில் நெருக்கி எழுதியிருந்தார்: 'காற்றாலைக் கோப்பில் வைத்துவிட்டேன். தலைப்பை மட்டும் பார்த்தேன், உள்ளே வாசிக்கவில்லை. மன்னாரில் தண்ணீரால் மின்சாரம் எடுக்க ஒருவர் இருப்பார் என்று நினைக்கவில்லை.'

கருப்பு வார் மணிக்கூடு. அன்றைக்கு அந்த ஜன்னலுக்குள் இருந்தவர் அவர்தான், அது அவருடைய கை.

வாங்கில் இருந்தேன். யாரோ ஒருவர் சைக்கிள் கொண்டுவந்து, முன்சில்லு அச்சு உடைந்துவிட்டது என்றார். வாங்கி ஒட்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு திரும்பவும் வாங்கில் இருந்தேன். மனம் நொந்தது என்று எழுதினால் பொய். மரத்துப்போன காலை ஊன்றினால் நிலம் தெரியாதே, அப்படித்தான் இருந்தது. வாசித்தேன் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா? நம்பியிருந்தால், தெரிந்துகொண்டுதான் அவர் முகத்துக்கு விரலை நீட்டினேன் என்று எண்ணிக்கொண்டுதான் கை தட்டியிருக்கிறார். நம்பாமல் விட்டிருந்தால், நான் பொய்யன் என்று தெரிந்தும் தட்டியிருக்கிறார். இரண்டில் எது என்று இனிக் கேட்க ஆள் இல்லை.

பெனடிக்குக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்காவுக்கு அந்த நேரம் மேலிடத்திலையிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அண்ணை. அந்த முறை கிடைக்கவிருந்த பதவியும் தள்ளிப் போச்சு. என்னத்துக்கு எண்டு எங்களுக்குச் சொல்லேல்லை. இதுக்குத்தான் போல."

அந்த வரியை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். பழைய கோப்பு. யாருக்கும் தெரிய வராது. மற்றவர்களிடம் 'மறந்துவிட்டேன்' என்று எழுதி வாங்கியவருக்கு, தன்னுடையதை மட்டும் விட்டுவிடக் கை வரவில்லை.

"தம்பி, இதை மலரிலை போடலாமோ? பிழையை ஒத்துக்கொண்ட கடதாசியெல்லோ இது."

"அக்கா இதை மறைச்சவவோ?"

"இல்லை. என்ர கையிலைதான் தந்தவ."

"அப்ப போடுங்கோ."

எதிர்ப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அந்தத் தாள்தான். மற்றவர்களின் வரிகளைக் கடதாசி வைத்து மறைத்துப் படம் பிடித்தோம். மேல் வரியும் கீழ் வரியும் மட்டும் தெரியும்.

காற்றுக் கழுதையை நான் இனிச் செய்யமாட்டேன். கேட்காதேங்கோ. போன கிழமை ஒரு பிரதியைக் கச்சேரிக்குக் கொண்டுபோனேன். காவலாளி என்னைக் கண்டு ஏதோ வரப்போகிறது என்று சிரிப்போடு பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மிஸ்ஸின் கதிரைக்கு இன்னும் ஆள் போடவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளை புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்தக் கோப்பு மூடேல்லையே, ஒரு தாள் வர வேணும் எண்டு மிஸ் குறிச்சு வைச்சிருக்கிறா" என்றாள். "அதுதான் தங்கச்சி இது" என்று கொடுத்தேன்.

மற்றப் பிரதி என்னோடு இருக்கிறது. பழைய ஆணிதான், ஆனால் உறைக்குள் இல்லை. கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி. ஸ்டெல்லா மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதன் கடைசி வரியை நானே நிரப்பினேன். பெயர், இராசன். வந்த நாள், அவர் கொண்டுவந்து தந்த நாள். போன நாள், அவரைப் புதைத்த பிறகு நான் கச்சேரிக்குக் கொண்டுபோன நாள். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஏதும் பகிடி வருமா என்று பேனையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. உள்ளதை எழுதினேன்.

'வாசிக்கவில்லை.'